சிலிண்டர் கண்ணுக்கு செமி சாஃப்ட் லென்ஸ்: பவர் போடும் கணக்கு

போன ஆடி மாதம் பாலிடெக்னிக் படிக்கிற ஒரு பெண் அப்பாவோடு கடைக்கு வந்தாள். உட்கார்ந்ததுமே அப்பா ஆரம்பித்துவிட்டார்: "சிலிண்டர் இருக்கு, லென்ஸ் செட் ஆகாதுன்னு ரெண்டு இடத்துல சொல்லிட்டாங்க சார்." வலது கண்ணின் சீட்டில் -5.00 / -2.50 × 180 என்று இருந்தது. முதல் எண் ஸ்பியர், அதாவது எல்லாத் திசைக்கும் பொதுவான பவர். இரண்டாவது சிலிண்டர், ஒரு திசையில் மட்டும் கூடும் பவர். கடைசி எண் ஆக்ஸிஸ், அதாவது சிலிண்டர் நிற்கும் கோணம். இடது கண்ணும் கிட்டத்தட்ட இதேதான், அதனால் வலதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

செட் ஆகும். சிலிண்டரே இல்லாத, உள்பக்கம் ஒரே உருண்டை வளைவுள்ள கான்டாக்ட் லென்ஸே அவளுக்குப் போதும். நம் ஊரில் அதை செமி சாஃப்ட் என்கிறோம். பேரில்தான் சாஃப்ட், கையில் எடுத்தால் சின்ன பிளாஸ்டிக் சில்லு மாதிரி விறைப்பாக இருக்கும். 1948-இல் அமெரிக்காவில் கெவின் டூஹி கருவிழியை மட்டும் மூடும் பிளாஸ்டிக் லென்ஸைக் கொண்டுவந்தார். அந்தக் காலப் பிளாஸ்டிக் ஆக்ஸிஜனை விடாது. இப்போது வருவது விடும். விறைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. நம் கணக்கு முழுக்க அந்த விறைப்பை நம்பித்தான் நிற்கிறது.

கும்பகோணத்தில் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் பதினெட்டு வருஷமாக இந்த வேலை செய்கிறேன். இப்போது கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆப்டோமெட்ரி படிக்கிறவர்களுக்கு நேரடியாக உதவும். லென்ஸ் போடுகிறவர்களுக்குத் தங்கள் டப்பாவில் எழுதியிருக்கும் எண் எங்கிருந்து வந்தது என்று புரியும். இதைப் படித்துவிட்டு யாரும் தானாகவே லென்ஸ் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

முதலில் ஒரு தாளில் பெரிதாக ஒரு கூட்டல் குறி போடுங்கள். படுக்கைக் கோட்டின் ஓரத்தில் 180, நிற்கும் கோட்டின் தலையில் 90 என்று எழுதுங்கள். இந்தக் கூட்டல் குறி இல்லாமல் மனக்கணக்காகப் போடுகிறவர்கள் என்றைக்காவது ஒருநாள் மாட்டிக்கொள்வார்கள். நானும் மாட்டியிருக்கிறேன், அதை அப்புறம் சொல்கிறேன்.

-5.00 / -2.50 × 180 என்றால் 180 திசையில் -5.00 மட்டும். சிலிண்டரின் ஆக்ஸிஸ் எங்கே இருக்கிறதோ அங்கே சிலிண்டருக்கு வேலை இல்லை; அதற்குக் குறுக்கே 90 திசையில்தான் அதன் பவர் முழுதாக இறங்கும். ஆகவே 90-இல் -7.50. எங்கள் கடைப் பெண் முதல் நாள் -2.50-ஐக் கொண்டுபோய் 180 கோட்டில் எழுதினாள். எல்லாரும் முதல் நாள் அப்படித்தான் எழுதுவார்கள்.

இந்த எண்கள் கண்ணாடிக்கு உரியவை. கண்ணாடி கண்ணுக்குச் சுமார் 12 மி.மீ. தள்ளி இருக்கிறது, லென்ஸ் கண்ணின் மேலேயே உட்காருகிறது. மைனஸ் பவர் கண்ணுக்குக் கிட்டே வர வரக் குறைவாகவே போதும், ப்ளஸ் பவருக்கு நேர்மாறு. பவரின் அலகு டையாப்டர். 4 டையாப்டருக்குள் வித்தியாசம் கால் டையாப்டரைத் தாண்டாது, விட்டுவிடலாம். அதற்கு மேல் போனால் மாற்றியே ஆக வேண்டும். மைனஸுக்கு வழி இதுதான்: பவரை 0.012 ஆல் பெருக்கி, அதோடு 1 கூட்டி, வந்ததைக் கொண்டு பவரை வகுங்கள்.

180-இல் 5 ஐ 1.06 ஆல் வகுத்தால் 4.72. 90-இல் 7.50 ஐ 1.09 ஆல் வகுத்தால் 6.88. கூட்டல் குறியில் -4.72, -6.88 என்று திருத்துங்கள். இப்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். கண்ணாடியில் 2.50 ஆக இருந்த சிலிண்டர் கருவிழியின் மேல் 2.16 தான். ஸ்பியரை மட்டும் மாற்றிவிட்டு சிலிண்டரை அப்படியே விடுகிறவர்களுக்கு இது தெரியாமலே போய்விடும். இரண்டு திசையையும் தனித்தனியாக மாற்றினால்தான் கண்ணில் படும்.

அடுத்தது கெரட்டோமீட்டர், கருவிழியின் வளைவை அளக்கும் கருவி. அது காட்டும் எண்தான் கே ரீடிங், எண் கூடினால் வளைவும் கூடுதல். அவளுடைய கே ரீடிங் 180-இல் 42.50, 90-இல் 45.00. கருவிழி படுக்கை வாக்கில் தட்டையாகவும் செங்குத்தாக வளைவு கூடியும் இருக்கிறது. குழம்புக் கரண்டியின் முதுகைக் கவிழ்த்துப் பார்த்தால் தெரியும், நீளவாக்கில் வளைவு குறைவு, அகலவாக்கில் அதிகம். ஃப்ளாட் கே, அதாவது இரண்டில் குறைந்த கே, இருக்கும் திசையும் மைனஸ் சிலிண்டரின் ஆக்ஸிஸும் ஒன்றாக இருக்கிறதா என்று இங்கேயே சரிபார்த்துவிடுங்கள். இவளுக்கு இரண்டும் 180, சந்தோஷம். இரண்டும் பத்து பதினைந்து டிகிரிக்கு மேல் விலகி நின்றால் இந்தக் கூட்டல் குறிக் கணக்கு செல்லாது. அப்போது ட்ரையல் லென்ஸை, அதாவது பார்த்துவிட்டுக் கழற்றும் மாதிரி லென்ஸை, மாட்டி அதன் மேல் பவர் பார்ப்பது ஒன்றே வழி.

டையாப்டரை மி.மீ. ஆக்க 337.5 ஐ அதனால் வகுக்க வேண்டும். 42.50 என்பது 7.94 மி.மீ. லென்ஸின் உள்வளைவை, அதாவது பேஸ் கர்வை, இதே அளவில் வைக்கலாம்தான். ஆனால் வித்தியாசம் 2.50 டையாப்டர் இருக்கும் கருவிழியில் அப்படி வைத்தால் லென்ஸ் ஒழுங்காக நடுவில் நிற்காது, மேலும் கீழும் விளிம்பு தூக்கிக்கொள்ளும். அதனால் ஃப்ளாட் கேயைவிடக் கொஞ்சம் இறுக்கமாக, அதாவது வளைவு கூட்டி, எடுப்போம். இரண்டு கே ரீடிங்குக்கும் உள்ள வித்தியாசத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை என்பது கைப்பழக்கம். இவளுக்கு 0.75 கூட்டினேன்: 43.25. மி.மீ.யில் 7.80.

இனிமேல்தான் விஷயமே.

இட்லித் தட்டின் குழிக்குள் அந்தக் கரண்டி முதுகை வைத்துப் பாருங்கள். குழி உருண்டை, கரண்டி நீள்வட்டம். எல்லா இடத்திலும் ஒட்டாது, இடைவெளி இருக்கும். அங்கே தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் ஒரு பக்கம் குழியின் வடிவத்தையும் மறுபக்கம் கரண்டியின் வடிவத்தையும் எடுத்துக்கொள்ளும். கண்ணில் அந்தத் தண்ணீர்தான் கண்ணீர். விறைப்பான லென்ஸுக்கும் கோணலான கருவிழிக்கும் நடுவே நிற்கும் கண்ணீரும் ஒரு லென்ஸ்தான். அதற்கும் பவர் உண்டு. கண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.336. கெரட்டோமீட்டர் கணக்கு வைத்திருப்பது 1.3375. இரண்டும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் நமக்கு வேலை மிச்சம்: பேஸ் கர்விலிருந்து கே ரீடிங்கைக் கழித்தால் வருவதே அந்தத் திசையில் கண்ணீரின் பவர்.

180-இல்: 43.25 கழித்தல் 42.50, ப்ளஸ் 0.75.
90-இல்: 43.25 கழித்தல் 45.00, மைனஸ் 1.75.

கண்ணீர் தானாகவே ஒரு திசையில் +0.75 உம் மறுதிசையில் -1.75 உம் கொடுக்கிறது. இரண்டுக்கும் இடையே 2.50. கருவிழியின் கோணல் எவ்வளவோ அவ்வளவே. பேஸ் கர்வை எப்படி மாற்றினாலும் இந்த 2.50 மாறாது. சாஃப்ட் லென்ஸில் இது நடக்காது. அது துணி மாதிரி கருவிழி மேலேயே படிந்துவிடும், நடுவில் கண்ணீர் லென்ஸ் உருவாக இடமில்லை.

லென்ஸ் தயாராகி வந்த அன்று பெண்ணின் அப்பா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "-5.25 மட்டும் போட்டிருக்கே, சிலிண்டர் எழுத மறந்துட்டீங்களா?" என்று கேட்டார். மறக்கவில்லை. அது கண்ணீர்க் கணக்கில் போய்விட்டது.

அந்த -5.25 வந்த வழி இது. தேவையான பவரிலிருந்து கண்ணீர் கொடுப்பதைக் கழிக்க வேண்டும். 180-இல் தேவை -4.72, கண்ணீர் +0.75 கொடுத்துக் கெடுக்கிறது, அதை ஈடுகட்ட லென்ஸ் -5.47 ஆக வேண்டும். 90-இல் தேவை -6.88, கண்ணீரே -1.75 கொடுத்துவிட்டது, லென்ஸ் தர வேண்டியது -5.13 தான். கல்லூரியில் இதை 'சாம் ஃபாப்' என்று மனப்பாடம் செய்ய வைப்பார்கள்: ஸ்டீப்பர் (இறுக்கம்) என்றால் ஆட் மைனஸ், ஃப்ளாட்டர் (தளர்வு) என்றால் ஆட் ப்ளஸ். பரீட்சைக்கு நல்லது. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு, பதற்றத்தில் எழுத்து மாறிப்போகும். இறுக்கமான லென்ஸின் அடியில் நடுவில் கண்ணீர் தேங்கும், தேங்கினால் அது ப்ளஸ் லென்ஸ். இந்தப் படம் மனதில் இருந்தால் குறி தானாக வரும்.

ஒரு திசைக்கு -5.47, மறுதிசைக்கு -5.13. உருண்டை லென்ஸுக்கு ஒரே பவர்தான் உண்டு. நடு எண் -5.30, கிட்டத்தில் இருப்பது -5.25. மீதி நிற்கும் சிலிண்டர் 0.34, அதாவது கால் டையாப்டருக்குச் சற்று மேல், அதுவும் ஆக்ஸிஸ் 90-இல். இதை யாரும் உணரப்போவதில்லை. முக்கால் வரைக்கும்கூடப் பலர் குறை சொல்லாமல் போட்டுக்கொள்வார்கள். ஒரு டையாப்டரைத் தாண்டினால் நம்மிடம்தான் திரும்பி வருவார்கள்.

சரி, நான் மாட்டிக்கொண்ட கதை. வேலைக்குச் சேர்ந்த புதிது, அப்போது வேறொரு ஊரில் இருந்தேன். ஒரு கல்லூரி மாணவர் வெளியிலிருந்து கொண்டுவந்த சீட்டில் -4.00 / +1.50 × 90 என்று இருந்தது. சிலிண்டரைக் கண்ணீர் பார்த்துக்கொள்ளும், ஸ்பியரை மட்டும் எடுத்தால் போதும் என்ற குறுக்குவழியை நான் நன்றாகவே மனப்பாடம் செய்திருந்தேன். பேஸ் கர்வை ஃப்ளாட் கேயிலேயே வைத்து -3.75 ஆர்டர் போட்டேன். லென்ஸ் வந்தது, அவரும் 6/6 வாசித்தார், நானும் மகிழ்ந்துபோனேன். நாலாம் நாள் வந்து, "போர்டு நல்லா தெரியுது சார், புஸ்தகத்தை எடுத்தா நெத்தி வலிக்குது" என்றார். அந்தக் குறுக்குவழி மைனஸ் சிலிண்டராக எழுதிய சீட்டுக்கு மட்டும்தான். அவருடைய பவரை மாற்றி எழுதினால் -2.50 / -1.50 × 180. போட்டிருக்க வேண்டியது -2.50. இருபது வயதுக் கண் என்பதால் கூடுதல் ஒன்றேகால் மைனஸை உள்லென்ஸை முறுக்கிச் சமாளித்திருக்கிறது. தூரத்தில் தெளிவாகவே தெரிந்ததால்தான் எனக்குச் சந்தேகம் வரவில்லை. கூட்டல் குறி போட்டிருந்தால் 180-இல் -2.50, 90-இல் -4.00 என்று முகத்தில் அறைந்திருக்கும்.

எல்லா சிலிண்டரும் கருவிழியில் இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு டெய்லர் வந்தார், -3.50 / -1.25 × 90. கே ரீடிங் 180-இல் 43.00, 90-இல் 43.50. கூட்டல் குறியில் போட்டுப் பாருங்கள். 180-இல் -4.75, கருவிழி மேல் -4.49. 90-இல் -3.50, கருவிழி மேல் -3.36. பேஸ் கர்வை 43.00 இல் வைத்தால் 180-இல் கண்ணீருக்குப் பவர் இல்லை, லென்ஸ் தேவை -4.49. 90-இல் கண்ணீர் -0.50 கொடுக்கும், லென்ஸ் தேவை -2.86. வித்தியாசம் 1.63! கண்ணாடியில் இருந்த 1.25-ஐவிட மோசம். அவருடைய கருவிழியில் இருக்கும் அரை டையாப்டர் கோணல், உள்ளே இருக்கும் கோணலை எதிர்த்திசையில் கொஞ்சம் சமன்செய்துகொண்டிருந்தது. செமி சாஃப்ட் லென்ஸ் போட்டால் அந்த உதவியையும் நாம் துடைத்துவிடுகிறோம். ஊசியில் நூல் கோக்கிற மனிதருக்கு இதைப் போடலாமா? சிலிண்டர் பவரும் சேர்ந்த சாஃப்ட் டோரிக் லென்ஸுக்கு அனுப்பினேன். இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், லென்ஸை வாங்குவதற்கு முன்னாலேயே வேண்டாம் என்று சொல்ல முடிகிறது.

இன்னொரு கோடியில், கருவிழியின் வித்தியாசம் 3 டையாப்டர் அளவுக்குப் போய்விட்டால் உருண்டை லென்ஸ் கண்ணில் சீசா மாதிரி ஆடும். பவர் சரியாக வந்தாலும் உட்காராது. அதற்கு பைடோரிக், இரண்டு திசையில் இரண்டு வளைவுள்ள லென்ஸ். பேர்தான் பயமுறுத்தும், இரண்டு திசைக்கும் இரண்டு தனி லென்ஸ் மாதிரி நினைத்துக்கொண்டு இதே கணக்கைப் போட வேண்டியதுதான். -2.00 / -4.00 × 180, கே 41.00, 45.00 என்று வையுங்கள். தட்டைத் திசையில் கேயைவிடக் கால் தளர்த்தி 40.75, செங்குத்தில் முக்கால் தளர்த்தி 44.25. கருவிழி மேல் தேவை -1.95, -5.60. கண்ணீர் -0.25, -0.75. லென்ஸ் -1.70, -4.85. ஆர்டரில் 8.28 மி.மீ.க்கு -1.75, 7.63 மி.மீ.க்கு -4.75 என்று போகும். வளைவின் வித்தியாசமும் பவரின் வித்தியாசமும் டையாப்டரில் சமமாக இருந்தால் லென்ஸ் கண்ணில் சுழன்றாலும் பார்வை மாறாது. இங்கே 3.50 உம் 3.00 உம், ஆகவே சுழலாமல் நிற்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

திரும்ப பாலிடெக்னிக் பெண்ணிடம். தாளில் -5.25 வந்ததும் ஆர்டர் போட்டுவிடவில்லை. ட்ரையல் பெட்டியில் எல்லா லென்ஸும் -3.00 பவர், பேஸ் கர்வ்தான் வேறு வேறு. 7.80 குப்பியை எடுத்து மாட்டினேன். மாட்டின உடனே கண்ணீர் கொட்டும், அப்போது பவர் பார்ப்பது வீண். ஃபேனை அணைத்துவிட்டு, கீழே பார்த்தபடி உட்காரச் சொல்லி, அப்பாவை டீ குடிக்க அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்து லென்ஸின் மேலேயே பவர் பார்த்தோம். -5.25-இல் -3.00 ட்ரையல் லென்ஸிலேயே இருப்பதால், கணக்குப்படி மீதி -2.25 வர வேண்டும். அந்த எண்ணை முன்கூட்டியே தாளில் எழுதி வைத்துவிட வேண்டும், அப்புறம் எழுதினால் மனசு ஏமாற்றும்.

-3.00 வந்தது.

"கணக்குத் தப்பு சார்" என்றாள் எங்கள் கடைப் பெண், கொஞ்சம் சந்தோஷமாகவே.

முக்கால் டையாப்டர் எங்கிருந்து வரும்? அந்தப் பெண் கண்ணை முறுக்கி மைனஸை விழுங்குகிறாளோ என்று ப்ளஸ் பவர் வைத்துப் பார்வையை மங்கலாக்கி, அதை மெதுவாகக் குறைத்துப் பார்த்தேன். அதே -3.00. கே ரீடிங்கை மறுபடி எடுப்பதற்கு முன்னால், லென்ஸ் இருக்கும்போதே, கண்ணீரைப் பச்சையாக ஒளிரவைக்கும் ஃப்ளூரெசின் சாயத் தாளை ஒரு சொட்டு உப்புநீரில் நனைத்து வெள்ளை விழியில் தொட்டுவிட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தேன். இந்த மாதிரிக் கருவிழியில் சரியான லென்ஸ் உட்கார்ந்தால் உடுக்கை மாதிரி தெரிய வேண்டும்: படுக்கை வாக்கில் லென்ஸ் கருவிழியை ஒட்டி நிற்கும் கறுத்த பட்டை, மேலும் கீழும் பச்சைத் தேக்கம். எனக்குத் தெரிந்தது நட்டநடுவில் பச்சைக் குளம். லென்ஸ் இறுக்கம். நடுவில் தேங்கிய கண்ணீர் ப்ளஸ், அதை ஈடுகட்டக் கண் கூடுதல் மைனஸ் கேட்கிறது. கண் சொல்வதும் பச்சை சொல்வதும் ஒன்றுதான்.

லென்ஸைக் கழற்றி, அதன் வளைவை அளக்கும் ரேடியஸ்கோப்பில் வைத்தோம். 7.65. குப்பியில் 7.80 என்று எழுதியிருந்தது. 7.65 என்றால் 44.12 டையாப்டர், நான் நினைத்ததைவிட 0.85 இறுக்கம். யாரோ கழுவி வைக்கும்போது குப்பி மாறியிருக்கிறது. அந்த யாரோ நானாகவும் இருக்கலாம். உண்மையான 7.80, 7.65 குப்பிக்குள் இருந்தது. அதை மாட்டி, மறுபடி அரை மணி நேரம், மறுபடி டீ. உடுக்கை தெரிந்தது. பவர் -2.25 உடன் 6/6 வரியைத் தடுமாறாமல் வாசித்தாள். -3.00 உம் -2.25 உம் சேர்ந்தால் -5.25.

இங்கே சிலிண்டரும் வைத்துப் பார்ப்பது நல்லது. கணக்குப்படி ஆக்ஸிஸ் 90-இல் கால், கால் பிசகினால் அரை வரலாம். அதைவிட அதிகமாக வந்தால் லென்ஸ் கண்ணில் இருக்கும்போதே அதன் மேல் கெரட்டோமீட்டரை வைத்துப் பாருங்கள். லென்ஸின் முன்பக்கம் உருண்டையாக இருக்க வேண்டும். இரண்டு ரீடிங் வேறுபட்டால் மெல்லிய லென்ஸ் கருவிழியோடு சேர்ந்து வளைகிறது என்று அர்த்தம். தடிமனைக் கொஞ்சம் கூட்டியோ பேஸ் கர்வைச் சற்றுத் தளர்த்தியோ சரிசெய்யலாம். முன்பக்கம் உருண்டையாகவே இருந்தும் சிலிண்டர் வந்தால் அது உள்ளே இருப்பது, டெய்லர் கதை.

பேஸ் கர்வைக் கடைசியில் மாற்றினால் பவரையும் மாற்ற மறக்காதீர்கள். 0.05 மி.மீ.க்குக் கால் டையாப்டர். 7.75 என்று இறுக்கியிருந்தால் -5.50, 7.85 என்று தளர்த்தியிருந்தால் -5.00 என்று எழுதியிருப்பேன். அவளுக்கு எதையும் மாற்றவில்லை: 7.80, விட்டம் 9.6, -5.25.

அன்று சாயங்காலம் கடை மூடின பிறகு எங்கள் கடைப் பெண்ணும் நானும் உட்கார்ந்து ட்ரையல் பெட்டியில் இருந்த எல்லா லென்ஸையும் ஒவ்வொன்றாக அளந்தோம். இன்னொரு ஜோடியும் மாறியிருந்தது.